“நீங்களே கழற்றுங்கோ”: ஏ35 வீதியோரத்து ஊர்ப் பட்டறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கராஜ் இல்லை. பொருளைக் கொடுத்துவிட்டுச் சந்தியில் ஒரு தேத்தண்ணி குடித்து, திரும்பி வந்து காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்துப் போனால் உங்களுக்குக் கோபம்தான் வரும். எனக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆறு தடவை போய்விட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் தருமபுரத்தைத் தாண்டி, விசுவமடு வரமுதல், வலப்பக்கம் இறங்கும் கிரவல் ஒழுங்கை ஒன்றில் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. முன்பக்கம் வழக்கமான சனசமூக நிலையம்தான், இரண்டு வாங்கு, நேற்றைய பேப்பர், கரம் போர்ட். பின்பக்கம் போனால் வேப்ப மரத்தோடு ஒட்டினாற்போல ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் “பட்டறை” என்று கேட்டால் காட்டுவார்கள், ஆனால் பாதிப்பேர் கொல்லன் பட்டறை என்று விளங்கிக்கொண்டு வேறு ஒழுங்கையைக் காட்டுவார்கள். எனக்கும் அப்படித்தான் காட்டினார்கள், வெயிலில் சீலிங் ஃபானை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

ஃபானின் கதை இதுதான். பங்குனி கடைசியில், கிளிநொச்சி வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து, ஹோலில் இருந்த ஃபான் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பிறகு கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. கழற்றி டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “கொயில் எரிஞ்சு போச்சு சேர், புதுசு வாங்குறதுதான் லாபம்” என்று தன் கடையில் தொங்கிய புது ஃபான்களைக் காட்டினார். வாங்கியிருப்பேன். மாதக் கடைசி, அதனால் வாங்கவில்லை. என்னோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சர்தான் இந்தப் பட்டறையைப் பற்றிச் சொன்னார்.

உள்ளே போனதும் இருபது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர், “வாங்கோ அண்ணை, அந்த மேசையில வையுங்கோ” என்றார். வைத்தேன். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து என் கையில் தந்தார்.

“நீங்களே கழற்றுங்கோ.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி.”

“தெரிஞ்சா இஞ்ச ஏன் வாறியள்? நான் பக்கத்தில நிக்கிறன்.”

நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அது பணிவு என்று நினைத்தேன், பிறகுதான் விளங்கியது, அது பட்டறையின் சட்டம். உதவிக்கு நிற்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், பொருள்காரர் கேட்டால் மட்டும்தான் தொடலாம். கேட்காமல் கையில் இருப்பதைப் பறித்து “விடுங்கோ நான் செய்யிறன்” என்றால் அன்றைக்குக் கூட்டிப் பெருக்குவது அவர் பொறுப்பு. சுவரில் கரியால் எழுதியிருக்கிறார்கள்: கையைக் கட்டு, வாயைத் திற.

நாலு ஸ்குரூவைக் கழற்ற எனக்கு அரை மணித்தியாலம் போனது. ஒன்று கறல் பிடித்து இறுகிக் கிடந்தது, நான் அதன் தலையை வழுக்கவிட்டுவிட்டேன். தம்பியின் தோள் இரண்டு தடவை துடித்ததைக் கண்டேன், கை வரவில்லை. “கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுட்டு அஞ்சு நிமிசம் பேசாம இருங்கோ” என்று மட்டும் சொன்னார். மூடி திறந்ததும், வயர் சுற்றிய பாகத்தைக் காட்டி, எரிந்த மணம் வருகிறதா என்று கேட்டார். மணந்து பார்த்தேன், வரவில்லை. நிறம் கறுத்திருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் கொயில் எரியவில்லை. பக்கத்தில் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது, அதுதான் ஃபானைச் சுற்றத் தூண்டிவிடுகிற கப்பாசிற்றர், அதைக் கழற்றச் சொல்லிவிட்டு மீற்றர் எடுக்கப் போனார். வர நாலைந்து நிமிடமாகியது, மீற்றரை வேறு யாரோ கொண்டுபோயிருந்தார்கள். பெட்டியில் 2.5 என்று அடித்திருந்தது. மீற்றரில் 0.9 காட்டியது. அவ்வளவுதான் வருத்தம். பழைய சாமான் லாச்சியில் 2.5 ஒன்று கிடந்தது, கழற்றிய மாதிரியே வயரைப் பூட்டி, கொட்டகையின் வளையில் கொழுவிச் சுவிச்சைப் போட்டால், மேசையில் இருந்த பேப்பர் எல்லாம் பறந்தது. லாச்சிக்கு ஒரு புதுக் கப்பாசிற்றர் வாங்கி வைப்பது என் பொறுப்பு, அடுத்த கிழமை கிளிநொச்சியில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கி வைத்தேன்.

சந்தோசம்தான். ஆனால் அன்றைக்கு நான் மூன்றரை மணித்தியாலத்தைச் செலவழித்தேன் என்பதையும் எழுத வேண்டும். நேரம் இல்லாதவர்கள் கராஜுக்கோ கடைக்கோ போங்கள், பிழை இல்லை.

இந்தப் பட்டறை தொடங்கியது 2022இல், பெற்றோல் வரிசைக் காலத்தில். எல்லாரும் வீட்டுக் கோடிக்குள் கிடந்த சைக்கிளை இழுத்து வெளியே எடுத்தார்கள், ரயருக்கும் ரியூப்புக்கும் சொன்ன விலையைக் கேட்டுத் திரும்ப உள்ளே வைக்கப் பார்த்தார்கள். சனசமூக நிலையத்து ஆட்கள் ஐந்தாறு பேர், தங்களுக்குள் இருந்த சாவிகளையும் பம்புகளையும் கொண்டுவந்து வேப்ப மரத்துக்குக் கீழே வைத்து, இரண்டு சைக்கிளில் இருந்து ஒரு சைக்கிள் செய்யத் தொடங்கினார்களாம். பெற்றோல் வந்தது. சாவிகள் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கொட்டகையும் புதிது இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஏதோ ஒரு நிறுவனம் வாழ்வாதார உதவி என்று கட்டிக்கொடுத்து, திறப்புவிழாப் படமும் எடுத்துவிட்டுப் போன பின்னர், பல வருடம் பூட்டிக் கிடந்ததுதான். வன்னியில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் கொட்டகைகளை எண்ணத் தொடங்கினால் விரல் காணாது.

இங்கே வரும் ஒரு ஐயா, எழுபதைத் தாண்டியவர், முந்தி லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசின் திருத்தியவர், யார் என்ன கழற்றினாலும் தொண்ணூறுகளின் கதைக்குப் போய்விடுவார். பொருளாதாரத் தடை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் சொட்டு மண்ணெண்ணெயையும் வைத்து எரித்த விளக்கு, சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டது, நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய மோட்டார் சைக்கிள். உண்மையைச் சொன்னால் இந்தக் கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. நானே அந்த விளக்கில் படித்தவன், இப்போது என் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள், அவர்களில் பிழை காண முடியாது. இல்லாத காலத்தைப் பெருமையாகச் சொல்லச் சொல்ல அது ஏதோ நல்ல காலம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் ஒரு நாள் ஐயா தானாகவே ஒன்று சொன்னார்: “மண்ணெண்ணெயில ஓட்டுறதுக்குக் காபரேற்றரில என்ன செய்தம் எண்டு அப்ப ஊருக்கு ரெண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. இப்ப கேட்டா எனக்கே பாதிதான் ஞாபகம்.”

அதனால்தான் கொப்பி வந்தது என்றார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பட்டறையில் உள்ள சாமான்களில் ஆகப் பெறுமதியானது அந்தக் கொப்பிதான். சாதாரண சீ.ஆர். கொப்பி, இப்போது நாலாவது ஓடுகிறது, ஒரு மூலையில் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எதைத் திருத்தினாலும் எழுத வேண்டும். என்ன பொருள், என்ன வருத்தம், எதைக் கழற்றினீர்கள், என்ன போட்டீர்கள். படம் கீறத் தெரிந்தால் கீற வேண்டும். முக்கியமாக, சரிவராததையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: “மருந்தடிக்கிற மெசின். உள்ள இருக்கிற வாசர் காய்ஞ்சு போச்சு. பழைய ரியூப்பை வட்டமா வெட்டிப் போட்டன். மூண்டு நாளில கிழிஞ்சு மருந்து முதுகில ஊத்திற்று. ஒருத்தரும் இப்பிடிச் செய்யாதேங்கோ.” அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், வாசரை எந்த அளவில் கேட்டு வாங்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கும் கீழே மூன்றாவது ஆள், வாங்கிய வாசரைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்துப் போட்டால் லேசாக இறங்கும் என்று எழுதியிருக்கிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் கண்டார்களோ தெரியாது.

மியூனிக்கில் இருக்கும் பெரியம்மாவின் மூத்த மகனுக்கு இதைப் பற்றிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அங்கே இப்படிப்பட்ட இடத்தைத் ‘திறந்த பட்டறை’ என்று சொல்வார்களாம், அவருடைய ஊரில் 1987 முதல் ஒன்று இருக்கிறது, பெயரைத் தமிழில் சொன்னால் ‘சொந்த வேலை வீடு’ என்று வரும். அவரும் போய்ப் புத்தகத் தட்டு ஒன்று செய்திருக்கிறார், மணித்தியாலக் கணக்கில் காசு கட்டி. ஆம்ஸ்டர்டாமில் 2009இல் ஒரு பெண் பத்திரிகையாளர் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ இப்போது எத்தனையோ நாடுகளில் நடக்கிறது, அங்கேயும் பொருள்காரரைப் பக்கத்தில் இருத்தித்தான் திருத்துவார்கள். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒன்று. சின்ன வயதில் எங்கள் வளவில் வீடு மேய்கிற நாள். கிடுகு பின்னுவது ஒரு வீடு, ஏறிக் கட்டுவது இன்னொரு வீடு, கீழே நின்று எறிவது நாங்கள், மத்தியானம் எல்லாருக்கும் ஒரே பானையில் கஞ்சி. அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக் கூரையில் எங்கள் அப்பா. ஒருவரும் கணக்கு எழுதவில்லை, ஆனால் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். ஓடும் தகரமும் வந்ததோடு அது போய்விட்டது.

இங்கே கட்டணம் இல்லை. ஒரு பால்மா ரின்னில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள், விரும்பியதைப் போடலாம். பக்கத்தில் பலகையில் அந்த மாதக் கரண்ட் பில்லும் வெல்டிங் ரொட் வாங்கிய கணக்கும் எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு இருபது ரூபா போட மனம் வராது. கெட்டித்தனம்தான்.

குறைகளுக்கு வருகிறேன். ட்ரில் பிற்றுகள் எல்லாம் மொட்டை. பொதுச் சொத்து என்றால் நம் ஆட்களுக்கு அப்படித்தான், கொங்கிறீற்றுக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று என்று பெட்டியில் பிரித்து எழுதி வைத்தும் யாரோ இரும்பு பிற்றால் சுவரைத் துளைத்திருக்கிறார்கள். நல்ல உளி ஒன்று இருந்தது, அதால் பெயின்ற் ரின் திறந்த மகாராசன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கிரைண்டர் பிடிக்கும்போது போடுகிற கண்ணாடி மூன்றில் இரண்டு கீறல் விழுந்து பனிமூட்டம் மாதிரி, ஆகவே ஆட்கள் போடாமல் பிடிக்கிறார்கள், இதை அவர்கள் உடனே கவனிக்க வேண்டும், சொல்லியும் விட்டேன். வெல்டிங் தொடங்கினால் கொட்டகை லைற் மங்கும், பக்கத்து வீட்டில் நாடகம் பார்க்கிற அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். அந்த அம்மாவோடு செய்த ஒப்பந்தம், இரவு ஏழு மணிக்குப் பிறகு வெல்டிங் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கழிவறை இல்லை. ஆம்பிளைகளுக்கு இது குறையாகவே தெரிவதில்லை. தையல் மெசின் திருத்த, கதிரைக்குப் பின்னல் போட, பெண்கள் நிறையப்பேர் வருகிறார்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க முடியாமல் போய்விடுகிறார்கள். முன்பக்கக் கட்டடத்தில் ஒன்று இருக்கிறது, திறப்பு ஒருவரிடம், அவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாலு வருடமாக எல்லாவற்றையும் தாங்களே செய்கிறவர்கள் இதை மட்டும் பிரதேச சபை கட்டித் தரும் என்று காத்திருப்பது எனக்கு விளங்கவில்லை.

ஒரு மூலையில் பொலித்தீன் போர்த்தி ஒரு முப்பரிமாணப் பிறின்ரர் நிற்கிறது, கனடாவில் இருந்து யாரோ அனுப்பியது. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற ஒரு தங்கச்சி சனிக்கிழமைகளில் வந்து அதை ஓட்டுவார். ஆறு மணித்தியால வேலை ஒன்று ஐந்தாவது மணியில் கரண்ட் போய் நின்றதை நானே பார்த்தேன், அவர் அழவில்லை, கொப்பியை எடுத்து எழுதினார். புனேக்குப் பக்கத்தில் பாபல் என்ற கிராமத்தில் 2002இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து இப்படி ஒரு பட்டறை தொடங்கிவிட்டார்கள் என்று அவர்தான் சொன்னார், கிராமத்துக்கு இது சரிவராது என்று வாதிட்ட என்னை அடக்குவதற்கு. சரி, அடங்குகிறேன், ஆனால் இப்போதைக்கு இங்கே அந்த மெசினைவிட அரம் நாலு கூடுதலாக இருந்தால் பிரயோசனம்.

நான் மூன்றாவது தடவை போனபோது பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதளவில் ஒருவர், இடது கால் முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால். சைக்கிள் ஓடுவார், ஆனால் அந்தக் கால் பெடலில் இருந்து வழுக்கி வழுக்கி விழும், கால் விழுந்ததே அவருக்குத் தெரியாது, பெடல் வந்து அடிக்கிற சத்தத்தில்தான் தெரியும். பட்டை இரும்பில் ஒரு துண்டை வளைத்து, பெடலின் முன்பக்கம் கால் நுனி போய் முட்டி நிற்கிற மாதிரி ஒரு கூடு செய்ய நினைத்திருந்தார். அளவெடுத்ததும் வெட்டியதும் அவர். வெல்டிங் பிடித்தது ஒரு அக்கா, இந்தப் பட்டறையில் வெல்டிங் என்றால் அந்த அக்காதான். முதல் கூடு நன்றாகத்தான் இருந்தது, ஏறி ஓடினார், கேற்றடியில் நிறுத்தும்போது கால் உள்ளே மாட்டிக்கொண்டு அப்படியே இடப்பக்கம் சரிந்தார். எல்லாரும் ஓடிப்போனோம். அவர் மண்ணில் இருந்தபடியே, “வெளிப்பக்கத்தை வெட்ட வேணும்” என்றார்.

வெட்டினார்கள். இப்போது கால் பக்கவாட்டில் வெளியே வரும். அடுத்த பிரச்சினை, கூட்டின் பாரத்தால் பெடல் தலைகீழாகப் புரண்டு தொங்கியது. ஒவ்வொரு தடவையும் ஏறமுதல் கையால் திருப்பி வைக்க வேண்டும். ஆளுக்கொரு யோசனை, ஸ்பிறிங் போடு, ரியூப்பால் இழுத்துக் கட்டு என்று. கொட்டகை வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த, பட்டறைக்குச் சம்பந்தமே இல்லாத, பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா, “கீழ்ப்பக்கம் பாரத்தைக் கட்டினா மேல்பக்கம் தானா நிமிரும்தானே” என்றார். லான்ட்மாஸ்டரின் பழைய நட்டு நாலை எடுத்துப் பெடலின் அடியில் வைத்து ஒட்டினார்கள். சுழற்றி விட்டால் ஆடி ஆடி, கூடு மேலே பார்த்து நின்றது. அவர் ஏறி ஒழுங்கை முனைவரை போய் வந்தார், இறங்கவில்லை, திரும்பவும் போனார். கொப்பியில் அந்தப் பக்கத்தில் பெடலின் படம் இருக்கிறது, பக்கத்தில் ‘யோசனை: வெத்திலை அம்மா’ என்று.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு திறப்பார்கள். காலபோக அறுவடை நேரம் போகாதீர்கள், எல்லாரும் வயலில். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கும் பூட்டு. பொருளைத் துடைத்துக் கொண்டுபோங்கள், சேறு அப்பிய பம்பை மேசையில் வைத்து ஒருவர் ஏச்சு வாங்கியதைப் பார்த்தேன். ரீவி, போன் மாதிரிச் சாமான்களுக்கு அங்கே இன்னும் ஆள் இல்லை. தேத்தண்ணி கிடைக்கும், சீனி தீர்ந்திருக்கும். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலு கொடுப்பேன், கழிவறை வந்தால் மிச்சத்தைத் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. ஃபான் திருத்தியதை நானும் கொப்பியில் எழுதினேன், வாத்தியார் கையெழுத்தில், அடிக்கோடெல்லாம் போட்டு அரைப் பக்கம். ஒரு விசயத்தை மட்டும் விட்டுவிட்டேன், மேலே உங்களுக்கு எழுதியபோதும் விட்டுவிட்டேன். தம்பி மீற்றர் தேடிப் போன அந்த நாலு நிமிடத்தில், பழைய வித்தை ஒன்றை எங்கோ கேட்டது ஞாபகம் வந்து, கப்பாசிற்றரின் இரண்டு வயரையும் பிளக்கில் குத்தி எடுத்து, பொறி வருகிறதா என்று பார்க்க நினைத்தேன். யாரும் காணவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன கிழமை கொப்பியைப் புரட்டினால், என் அரைப் பக்கத்துக்குக் கீழே பச்சைப் பேனையால் யாரோ எழுதியிருக்கிறார்கள்: “கப்பாசிற்றரைப் பிளக்கில குத்திப் பாக்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து. மீற்றர் இருக்கு. இவர் குத்தினவர். வாங்கில இருந்து கதவடி வரைக்கும் துள்ளினவர்.”